நீளத்துக்குள் இருக்கும் காலம்

1791 மார்ச்சில் பாரிஸ் அறிவியல் அகாதெமியின் ஐவர் குழு ஒரு கேள்விக்கு விடை சொல்ல வேண்டியிருந்தது. போர்தா, லக்ராஞ்ச், லாப்லாஸ், மோன்ஷ், கோந்தோர்சே ஆகியோர்தான் அந்த ஐவர். உலகம் முழுக்கப் பொதுவாக ஒரு நீள அலகு வேண்டும். அதை எதிலிருந்து எடுப்பது? முந்தின ஆண்டு தலெய்ரான் பிரெஞ்சு தேசிய அவையில் வைத்த யோசனை எளிமையானது. ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போகச் சரியாக ஒரு விநாடி எடுக்கும் ஊசலின் நீளத்தையே அலகாக்கிவிடலாம் என்றார் அவர். குழு அதை ஏற்கவில்லை. நீளத்தை வரையறுக்கக் காலம் என்ற வேற்றுப் பொருளை உள்ளே கொண்டுவருவது சரியில்லை என்பது அவர்கள் சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு நாளை 86,400 விநாடியாகப் பிரித்ததும் மனிதர் தம் வசதிக்குச் செய்த ஏற்பாடுதானே என்றார்கள். அதனால் பூமியையே அளவுகோலாக்கினார்கள். வடதுருவத்திலிருந்து நிலநடுக்கோடு வரை உள்ள தூரத்தில் ஒரு கோடியில் ஒரு பங்கு மீட்டர் ஆனது.

192 ஆண்டுகள் கழித்து, 1983 அக்டோபரில், அதே பாரிஸில் கூடிய எடைகள், அளவுகள் பொது மாநாடு மீட்டருக்குப் புதிய வரையறை தந்தது. வெற்றிடத்தில் ஒளி, ஒரு விநாடியின் 29,97,92,458-ல் ஒரு பங்கு நேரத்தில் கடக்கும் தூரம் ஒரு மீட்டர். ஐவர் குழு வாசலிலேயே நிறுத்திய காலம் இப்போது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது. இந்த இரண்டு முடிவுகளுக்கும் நடுவே கருவிகள் மட்டும் திருந்தவில்லை. நீளம் என்று சொல்லும்போது எதைச் சொல்கிறோம் என்பதே மாறிப்போனது. நீளம் என்பது ஓர் அளக்கும் செயலுக்குக் கிடைக்கும் விடை. அந்தச் செயலில் காலம் ஆதியிலிருந்தே பங்கெடுத்து வந்திருக்கிறது என்பது என் துணிபு.

காலத்தால் தூரத்தைச் சொல்வது வழிநடைக்காரர்களுக்குப் புதிதே இல்லை. நம் பழைய கணக்கில் நாழிகைவழி என்று ஓர் அளவு உண்டு. ஒரு நாழிகை, அதாவது 24 நிமிடம், நடந்தால் போகும் தூரம். அதில் நடப்பவரின் கால், சாலையின் மேடுபள்ளம், வெயில் எல்லாம் சேர்ந்துவிடும். ஊசலின் கவர்ச்சி இங்கேதான் பிறந்தது. ஊசலுக்குக் கால் வலிக்காது. எங்கே தொங்கவிட்டாலும் ஒரே மாதிரி ஆடும் என்று 17ஆம் நூற்றாண்டினர் நம்பினார்கள்.

அந்த நம்பிக்கையை உடைத்தவர் ழான் ரிஷே. 1672-ல் வானியல் அளவீடுகளுக்காக அவர் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனார். நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஐந்து பாகையளவில் இருக்கும் இடம் அது. பாரிஸில் ஒழுங்காக ஓடிய அவருடைய ஊசல் கடிகாரம் அங்கே நாளுக்கு இரண்டு நிமிடத்துக்கு மேல் பின்தங்கியது. ஊசலை ஏறத்தாழ 2.8 மில்லிமீட்டர் குறைத்த பிறகே அது சரியாக விநாடி காட்டியது. பூமி தன் இடுப்பில் புடைத்திருக்கிறது, சுழலவும் செய்கிறது. அதனால் நிலநடுக்கோட்டின் அருகே ஈர்ப்பு சற்றுக் குறைவு. பின்னாளில் நியூட்டன் தம் பிரின்ஸிப்பியாவில் இந்தச் செய்தியை எடுத்தாண்டார். விநாடி ஊசலின் நீளம் பாரிஸில் சுமார் 99.4 சென்டிமீட்டர், சென்னையில் சுமார் 99.1. சென்னைக் கணக்கை 19ஆம் நூற்றாண்டிலேயே செய்து பார்த்தவர்கள் உண்டு. நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்தில் ஜான் கோல்டிங்ஹாம் ஊசலை ஆடவிட்டு எடுத்த அளவுகள் 1822-ல் லண்டன் ராயல் சொசைட்டியின் இதழில் வெளியாயின. அந்த வானாய்வகத்தின் கருங்கல் தூண், தமிழ் உட்படப் பல மொழிக் கல்வெட்டுகளோடு, வானிலை மைய வளாகத்தில் இன்றும் நிற்கிறது.

ஊசலைச் சட்டமாகவே எழுதிவைத்தது இங்கிலாந்து. அரசின் பித்தளை யார்டு கோல் தொலைந்தாலோ சிதைந்தாலோ லண்டனின் விநாடி ஊசலைக் கொண்டு அதை மீட்டுக்கொள்ளலாம் என்றது 1824-ன் சட்டம். பத்தே ஆண்டில் சோதனை வந்தது. 1834 அக்டோபரில் நாடாளுமன்றக் கட்டடம் தீப்பிடித்து, உள்ளே இருந்த மூலக் கோல் கெட்டுப்போனது. ஆனால் நியமிக்கப்பட்ட குழு ஊசல் பக்கம் போகவில்லை. ஊசல் அளவீட்டில் நுண்ணிய பிழைகள் இருப்பது இதற்குள் தெரிந்துவிட்டது. முன்பே எடுத்துவைத்த நகல் கோல்களை ஒப்பிட்டுத்தான் புதிய யார்டைச் செய்தார்கள். காலத்தை விட உலோகத்தை நம்பிய முடிவு அது.

பிரெஞ்சுக்காரர்களும் கடைசியில் உலோகத்திடம்தான் வந்துசேர்ந்தார்கள். பூமியை அளக்கும் பணிக்காகத் தெலாம்பர், மெஷான் என்ற இரு வானியலாளர்கள் 1792-ல் புறப்பட்டு, டன்கிர்க்கிலிருந்து பார்சிலோனா வரை முக்கோணம் முக்கோணமாக அளந்தார்கள். புரட்சியும் போரும் நடுவே வந்து, வேலை முடிய ஆறேழு ஆண்டுகள் ஆயின. பார்சிலோனாவில் எடுத்த அட்சரேகை அளவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாததை மெஷான் வெளியே சொல்லாமல் மனத்துக்குள் வைத்துப் புழுங்கினார். 1799-ல் பிளாட்டினத்தில் மீட்டர் கோல் வார்க்கப்பட்டு ஆவணக் காப்பகத்தில் வைக்கப்பட்டது. அது தான் குறிக்க வேண்டிய நீளத்தைவிட ஏறத்தாழ 0.2 மில்லிமீட்டர் குறைவு. பூமியின் தட்டைத்தன்மைக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட மதிப்பு சரியில்லை என்பது முக்கியக் காரணம். பிழை தெரிந்த பின்னும் கோலை யாரும் மாற்றவில்லை. அன்றிலிருந்து மீட்டர் என்றால் பூமியின் பங்கு என்ற பேச்சு போய், அந்தக் கோலின் நீளம் என்று ஆகிவிட்டது.

இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஊரார் எல்லோரும் தொட்டுப் பார்க்கக்கூடிய நீளம் ஒரு சமூகத்துக்குத் தேவை. பாரிஸ் மக்கள் புதிய அளவைப் பழகிக்கொள்ள 1796-97ல் நகரச் சுவர்களில் பதினாறு பளிங்கு மீட்டர்கள் பதிக்கப்பட்டன. வோஜிரார் தெருவில் ஒன்று வைத்த இடத்திலேயே இன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டுக் கோயில்கள் பலவற்றின் சுவரிலும் அடித்தளத்திலும் இதையே காணலாம். நிலம் அளக்கும் கோலின் நீளத்தை இரு முனையிலும் குறியிட்டுக் கல்லில் வெட்டி வைத்திருப்பார்கள். வரிக் கணக்கில் தகராறு வந்தால் கோலைக் கொண்டுவந்து கல்லோடு ஒட்டிப் பார்த்துவிடலாம்.

ஆனால் கோலுக்கும் ஒரு நேரம் உண்டு. 1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலை அருகே வில்லியம் லாம்டன் தொடங்கிய அடிக்கோட்டு அளவீட்டை இதற்காகவே நான் விரும்பிப் படிப்பேன். பின்னாளில் இமயம் வரை போன மகா முக்கோண அளவைப் பணியின் முதல் அடி அது. ஏழரை மைல் தூரத்தை 100 அடி எஃகுச் சங்கிலியால் அளக்க 57 நாள் ஆயிற்று. சங்கிலியைத் தரையில் போடவில்லை. முக்காலிகள் மேல் மரப்பெட்டிகளை வரிசையாக வைத்து, அவற்றுக்குள் சங்கிலியை நீட்டி, நிழல் கட்டி, வெப்பமானிகள் வைத்து ஒவ்வொரு முறையும் வெப்பநிலையைக் குறித்துக்கொண்டார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளும். ஒரு பாகை செல்சியஸ் கூடினால் அந்தச் சங்கிலி சுமார் 0.35 மில்லிமீட்டர் நீளும். மொத்தத் தூரத்தில் அது 14 சென்டிமீட்டர் ஆகிவிடும். காலை ஆறு மணிச் சங்கிலியும் பிற்பகல் இரண்டு மணிச் சங்கிலியும் ஒரே நீளம் இல்லை. எவ்வளவு நீளம் என்று கேட்டவர் எப்போது என்றும் கேட்க வேண்டியிருந்தது.

வெளியை மட்டும் தனியே எடுத்தாலும் நீளம் ஒற்றை எண்ணாக அடங்குவதில்லை. இந்தியக் கடற்கரையின் நீளம் பல பத்தாண்டுகளாக 7,516 கிலோமீட்டர் என்றே புத்தகங்களில் இருந்தது. அண்மையில் மறு அளவீடு செய்து 11,098 கிலோமீட்டர் என்று அறிவித்தார்கள். தமிழ்நாட்டின் பங்கும் 907-லிருந்து சுமார் 1,069 ஆனது. முன்பு பயன்பட்ட வரைபடத்தை விடப் பல மடங்கு நுணுக்கமான வரைபடத்தில், வளைவு நெளிவுகளையும் கழிமுகங்களையும் சேர்த்துக் கணக்கிட்டதன் விளைவு இது. இன்னும் சிறிய கோலை எடுத்தால் இன்னும் நீளும். அலகைச் சொல்லி, அதோடு கோலின் அளவையும் சொன்னால்தான் கரையோர நீளத்துக்குப் பொருள் இருக்கிறது.

மீட்டர் கோலுக்குத் திரும்புவோம். 1889-ல் பிளாட்டினம்-இரிடியம் கலவையில் செய்த புதிய கோல் சர்வதேச மூலமானது. அதில் இரண்டு கோடுகள். உருகும் பனியின் வெப்பநிலையில் அவற்றுக்கு இடையே உள்ள தூரம் மீட்டர். நுண்ணோக்கியில் பார்த்தால் கோட்டுக்கே ஒரு தடிப்பு உண்டு. துல்லியம் அந்தத் தடிப்பில் வந்து நின்றுவிட்டது. அதைத் தாண்டும் வழியை 1892-93ல் மைக்கல்சன் காட்டினார். பாரிஸை அடுத்த செவ்ரில் பெனுவா என்பவரோடு சேர்ந்து, காட்மியத்தின் சிவப்பு ஒளி அலைகள் ஒரு மீட்டருக்குள் எத்தனை அடங்கும் என்று எண்ணினார்: 15,53,163.5. அணு எங்கும் ஒன்றுதான். அது தீப்பிடித்துக் கெடாது, தொலையவும் தொலையாது. 1960-ல் கோலுக்கு ஓய்வு கொடுத்து, கிரிப்டான்-86 உமிழும் ஆரஞ்சு நிற ஒளியின் 16,50,763.73 அலைநீளங்கள் ஒரு மீட்டர் என்றார்கள்.

அந்த வரையறை இருபத்து மூன்று ஆண்டுகளே நீடித்தது. அது விழுந்த விதம் எனக்கு இந்த வரலாற்றிலேயே மிகப் பிடித்த பகுதி. 1967-ல் விநாடி பூமியின் சுழற்சியிலிருந்து விடுபட்டு, சீசியம் அணுவின் 919,26,31,770 அதிர்வுகளாக வரையறுக்கப்பட்டது. காலத்தை அளக்கும் திறன் தூரத்தை அளக்கும் திறனைத் தாண்டி ஓடத் தொடங்கியது. 1972-ல் அமெரிக்காவின் போல்டர் ஆய்வகத்தில் ஒரு லேசரின் அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் அளந்து பெருக்கி, ஒளியின் வேகத்தை விநாடிக்கு 29,97,92,456.2 மீட்டர் என்று கண்டார்கள்; பிழை எல்லை 1.1 மீட்டர். இதற்கு மேல் போக முடியாமல் தடுத்தது மீட்டரேதான். கிரிப்டான் விளக்கின் ஒளிக்கோடு சற்றுச் சாய்வாக இருந்ததால் மீட்டருக்குள்ளேயே ஒரு மங்கல் இருந்தது. ஒளியின் வேகத்தை மீட்டரால் அளப்பதை விட, வேகத்தை ஓர் எண்ணில் நிறுத்திவிட்டு மீட்டரை அதிலிருந்து எடுப்பதே தெளிவான வழி என்று ஆயிற்று.

இதன் விளைவைப் பலர் கவனிப்பதில்லை. இன்று ஒளியின் வேகத்தை மீட்டர் கணக்கில் யாரும் அளக்க முடியாது. அளக்க முற்படுகிறவர் தம் கையிலுள்ள மீட்டர் கோல் சரியா என்றுதான் சோதிக்கிறார். கைபேசியில் இடம் காட்டும் ஜிபிஎஸ் இதே நெறியில் வேலை செய்கிறது. செயற்கைக்கோள்களின் கடிகாரம் சொல்லும் நேரத்துக்கும் சமிக்ஞை வந்துசேரும் நேரத்துக்கும் உள்ள வித்தியாசம்தான் தூரம். ஒரு நானோ விநாடி பிசகினால் 30 சென்டிமீட்டர் பிசகும். அந்தக் கடிகாரங்கள் தரையிலுள்ளவற்றை விட நாளுக்கு ஏறத்தாழ 38 மைக்ரோ விநாடி வேகமாக ஓடும். அதைத் திருத்தாவிட்டால் ஒரே நாளில் சுமார் 11 கிலோமீட்டர் தவறு சேர்ந்துவிடும். உயரத்தையும் கடிகாரத்தால் அளக்கலாம் என்ற நிலை வந்துவிட்டது. உயரமான இடத்தில் காலம் சற்று விரைவாக ஓடும். 2010-ல் போல்டரில், ஒன்றை விட மற்றொன்று 33 சென்டிமீட்டர் உயரத்தில் இருந்த இரண்டு அணுக் கடிகாரங்களுக்கு இடையே அந்த வித்தியாசத்தைப் பார்த்துவிட்டார்கள்.

இதுவரை சொன்னது அலகைப் பற்றி. அலகை விட ஆழமான கேள்வியை ஐன்ஸ்டைன் 1905-ல் கேட்டார். நகரும் பொருளின் நீளம் என்றால் என்ன?

மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் நிலையத்தைக் கடக்கும் 16 பெட்டி வந்தே பாரத் ரயிலை எடுத்துக்கொள்வோம். அதன் நீளம் சுமார் 380 மீட்டர். நடைமேடையில் நின்றபடி அதை அளக்க வேண்டுமானால், முன்முனை எங்கே, பின்முனை எங்கே என்று இரண்டு பேர் தரையில் குறியிட வேண்டும். முன்முனையை இப்போது குறித்து, பின்முனையை ஒரு விநாடி கழித்துக் குறித்தால் ரயில் 36 மீட்டர் குறைந்துபோகும். ஆகவே இரண்டு குறியும் ஒரே நேரத்தில் விழ வேண்டும். இந்த ‘ஒரே நேரம்’தான் எல்லாவற்றுக்கும் வேர். ஒளியின் வேகம் எல்லோருக்கும் ஒன்றே என்று ஏற்றுக்கொண்டால், நடைமேடைக்காரருக்கு ஒரே நேரத்தில் விழுந்த இரண்டு குறிகள் ரயிலில் இருப்பவருக்கு ஒரே நேரத்தில் விழுந்தவையாக இருக்காது. முன்முனையை முதலில் குறித்துவிட்டுப் பின்முனையைத் தாமதமாகக் குறித்தீர்கள், அதனால்தான் குறைவாக வந்தது என்பார் அவர். இருவர் சொல்வதும் சரி. ரயிலை யாரும் நசுக்கவில்லை. நடைமேடைக் கணக்கில் அது குறைவது சுமார் மூன்று பிக்கோமீட்டர், ஓர் அணுவின் அகலத்தில் மிகச் சிறிய பங்கு. ஆனாலும் அது பூஜ்யம் இல்லை.

வேகம் கூடினால் வித்தியாசம் கண்ணை உறுத்தும். விண்வெளியிலிருந்து வரும் கதிர்கள் வளிமண்டலத்தின் மேலடுக்கில் மோதி மியூவான் என்ற துகள்களைப் பிறப்பிக்கின்றன. உதகமண்டலத்தில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தின் கிரேப்ஸ்-3 ஆய்வுக்கூடம் இவற்றைத்தான் இரவு பகலாக எண்ணிக்கொண்டிருக்கிறது. மியூவானின் சராசரி ஆயுள் 2.2 மைக்ரோ விநாடி. அதற்குள் ஒளியே 660 மீட்டர்தான் போகும். 1963-ல் ஃபிரிஷ், ஸ்மித் என்ற இரண்டு இயற்பியலாளர்கள், அமெரிக்காவில் வாஷிங்டன் மலையின் உச்சியில் மணிக்குச் சுமார் 560 மியூவான்களை எண்ணினார்கள். 1,900 மீட்டர் கீழே, கடல் மட்டத்தில், சுமார் 27 மட்டுமே மிஞ்சியிருக்க வேண்டும் என்பது பழைய கணக்கு. வந்தவையோ 400-க்கு மேல். மலையடிவாரத்திலிருந்து பார்த்தால் மியூவானின் கடிகாரம் மெதுவாக ஓடியது. மியூவானுக்குத் தன் கடிகாரம் சரியாகவே ஓடியது. மலைதான் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்காகச் சுருங்கியிருந்தது. ஒருவருக்குக் காலத்தின் நீட்சியாகத் தெரிவது இன்னொருவருக்கு நீளத்தின் சுருக்கமாகத் தெரிகிறது. பிழைத்து வந்த துகள்களின் எண்ணிக்கை மட்டும் இருவருக்கும் ஒன்று.

எல்லோருக்கும் பொதுவான ஒரு நீளம் இருக்கிறதா? இருக்கிறது என்று 1908-ல் கோலோன் நகரில் மின்கோவ்ஸ்கி காட்டினார். இரண்டு நிகழ்வுகளுக்கு நடுவே ஒளி எவ்வளவு தூரம் போயிருக்கும் என்பதன் வர்க்கத்திலிருந்து, அவற்றுக்கு இடையேயான தூரத்தின் வர்க்கத்தைக் கழித்தால் கிடைப்பது எல்லோருக்கும் ஒரே எண். பள்ளியில் படித்த பிதாகரஸ் விதியில் கூட்டல் இருந்த இடத்தில் கழித்தல் வந்திருக்கிறது, அவ்வளவுதான். அந்த ஒரு குறி மாறியதால் வடிவியலே புரண்டுவிடுகிறது. வெளியில் இரண்டு புள்ளிகளுக்கு இடையே நேர்க்கோடுதான் குறுகிய வழி. காலவெளியில் இரண்டு நிகழ்வுகளுக்கு இடையே நேராகப் போகிறவரின் கடிகாரம்தான் அதிக நேரம் காட்டும். வளைந்து சுற்றி வருகிறவர் குறைந்த முதுமையோடு திரும்புவார். 1971-ல் ஹாஃபலே, கீட்டிங் இருவரும் சீசியம் கடிகாரங்களைப் பயணிகள் விமானங்களில் ஏற்றி உலகைச் சுற்றினார்கள். கிழக்கே போனவை 59 நானோ விநாடி இழந்தன. மேற்கே போனவை 273 நானோ விநாடி கூட்டிக்கொண்டன. வேகத்தின் விளைவும் உயரத்தின் விளைவும் சேர்ந்த கணக்கு இது. கடிகாரம் என்பது காலவெளியில் தான் வந்த பாதையின் நீளத்தை அளக்கும் கருவி என்று இதற்குப் பிறகு துணிந்து சொல்லலாம்.

வெளி என்பதே நீளும்போது? 2015 செப்டம்பர் 14 அன்று அமெரிக்காவின் லைகோ கருவிகள் ஓர் ஈர்ப்பலையை உணர்ந்தன. நான்கு கிலோமீட்டர் நீளக் கைகளில் ஏற்பட்ட மாற்றம் ஒரு புரோட்டானின் அகலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்களவுதான். மாணவர்கள் இதைப் படித்ததும் கேட்கும் கேள்வி நியாயமானது: வெளி நீண்டால் அதிலுள்ள ஒளியலையும் சேர்ந்து நீளாதா, பிறகு எதை வைத்து அளப்பது? கருவி உண்மையில் பார்ப்பது இரண்டு கைகளிலும் போய்த் திரும்பும் ஒளி வந்துசேரும் நேரத்தை. கைக்குள் புதிது புதிதாக நுழையும் ஒளி, நீண்ட பாதையில் தாமதமாகத் திரும்புகிறது. அலை எவ்வளவு நீண்டது என்பதைப் பற்றிக் கவலைப்படத் தேவையில்லை. மகாராஷ்டிரத்தின் ஹிங்கோலியில் அமையவிருக்கும் லைகோ-இந்தியாவும் இதே வேலையைச் செய்யும்.

அண்டத்தின் அளவில் நீளம் என்ற சொல் இன்னும் பிரிந்துபோகிறது. 2016-ல் ஹபிள் தொலைநோக்கி வழியே அறிவிக்கப்பட்ட ஜிஎன்-இசட்11 என்ற விண்மீன் மண்டலம் எவ்வளவு தூரத்தில் இருக்கிறது? அதன் ஒளி ஏறத்தாழ 1,340 கோடி ஆண்டு பயணம் செய்து நம்மை அடைந்தது. அந்த ஒளி புறப்பட்ட கணத்தில் நமக்கும் அதற்கும் இடையே இருந்தது சுமார் 270 கோடி ஒளியாண்டு. ஒளி வந்துகொண்டிருந்த காலமெல்லாம் வெளி விரிந்துகொண்டே இருந்ததால், இன்று அந்தத் தூரம் சுமார் 3,200 கோடி ஒளியாண்டு. இந்த மூன்றாவது எண்ணைப் பெற, வழிநெடுக உள்ள விண்மீன் மண்டலங்களில் எல்லாம் ஆள் நிறுத்தி, அண்டத்தின் ஒரே வயதில், ஒரே நேரத்தில் கோல் வைத்து அளந்து கூட்ட வேண்டும். ரயிலுக்குத் தேவைப்பட்ட அதே ‘ஒரே நேரம்’ அண்டத்துக்கும் தேவைப்படுகிறது. தோற்றத்திலும் ஒரு விந்தை உண்டு. தூரம் போகப் போகப் பொருள்கள் சிறிதாகத் தெரியும் என்பது ஓர் எல்லை வரைதான். அதற்கு அப்பால் உள்ளவை மறுபடி பெரிதாகத் தெரியத் தொடங்கும், ஒளி புறப்பட்டபோது அவை நமக்கு அருகில் இருந்ததால். அண்டத்தின் மிகப் பழைய ஒளியான நுண்ணலைப் பின்னணிக் கதிர், இன்று 4,500 கோடி ஒளியாண்டுக்கு அப்பால் இருக்கும் பொருளிலிருந்து வருகிறது; புறப்பட்டபோது அந்தப் பொருள் சுமார் 4.2 கோடி ஒளியாண்டு தூரத்தில்தான் இருந்தது.

இவற்றில் எது உண்மையான தூரம் என்ற கேள்விக்கு விடை தேட வேண்டியதில்லை. ஒவ்வொன்றும் வெவ்வேறு அளவீட்டின் சரியான விடை. ஆனால் செய்தித்தாள்களும் பாடநூல்களும் இவற்றைக் கலந்துவிடுகின்றன. 1,340 கோடி ஒளியாண்டு தொலைவிலுள்ள விண்மீன் மண்டலம் என்று அச்சிடும்போது ஒளி பயணித்த காலத்தைத் தூரமாக்கிவிடுகிறோம். ஒளி புறப்பட்ட அன்றும் சரி, இன்றும் சரி, இடையே இருக்கும் தூரம் அது இல்லை. அண்டத்தின் வயதே 1,380 கோடி ஆண்டுதான், 3,200 கோடி ஒளியாண்டு எப்படி வந்தது என்று படிக்கும் பிள்ளை குழம்புவது இதனால்தான். ஒளி 1,340 கோடி ஆண்டு பயணித்து வந்தது என்று எழுதினால் போதும். தூரத்தையும் சொல்ல வேண்டுமென்றால், ஒளி புறப்பட்டபோது இருந்த தூரமா, இன்றைய தூரமா என்பதையும் அதே வாக்கியத்தில் சேர்த்து எழுத வேண்டும்.